கேள்வி – பதில்: நான்கு மாநிலங்கள் சூழ்ந்த சிமரான் கவுண்டி

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மேற்குக் கோடியில் இருக்கும் சிமரான் கவுண்டியைப் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மழை, மண், எல்லைக்கோடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர்களின் மக்கள்தொகைக் கணக்கு விளங்கும். ஆகவே கேள்வி எங்கே தொடங்கினாலும் பதில் அந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுத்தான் போகும்.

கேள்வி (கோவை வாசகர்): வரைபடத்தில் ஓக்லஹோமாவுக்கு மட்டும் மேற்கே ஒரு நீளமான கைப்பிடி இருக்கிறதே, அது எப்படி வந்தது? சிமரான் கவுண்டி நான்கு மாநிலங்களைத் தொடுகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். வடக்கே கொலராடோ, வடகிழக்கு மூலையில் கான்சஸ், தெற்கே டெக்சாஸ், மேற்கே நியூ மெக்சிகோ. தன் மாநிலம் நீங்கலாக நான்கு மாநிலங்களை எல்லையாகக் கொண்ட கவுண்டி அமெரிக்காவில் இது ஒன்றுதான்.

கைப்பிடி உருவானதற்கு அடிமை முறையே மூல காரணம். 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1820இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. 1845இல் அடிமை மாநிலமாகவே அமெரிக்காவில் சேர்ந்த டெக்சாஸ், 1850இல் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருந்த தன் நிலத்தை விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டில் நியூ மெக்சிகோவின் கிழக்கு எல்லை 103ஆம் தீர்க்கக்கோட்டில் நிறுத்தப்பட்டது. 1854இல் கான்சஸ் பிரதேசத்தின் தெற்கு எல்லையை 37ஆம் பாகையில் வரைந்தார்கள். இடையில் அரைப் பாகை அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சியது. வடக்கு தெற்காகச் சுமார் 34 மைல், கிழக்கு மேற்காகச் சுமார் 167 மைல். அது எந்த மாநிலத்துக்கும் எந்தப் பிரதேசத்துக்கும் சொந்தமில்லை.

இதைத்தான் 'நோ மேன்ஸ் லேண்ட்' என்றார்கள். நில அலுவலகம் இல்லாததால் அங்கே குடியேறியவர்களுக்குப் பட்டா கிடைக்க வழியில்லை. நீதிமன்றமும் இல்லை. 1887இல் அங்கிருந்தவர்களே கூடி 'சிமரான் பிரதேசம்' என்று அறிவித்துப் பார்த்தார்கள், வாஷிங்டன் ஏற்கவில்லை. 1890இல்தான் பட்டை முழுவதும் ஓக்லஹோமா பிரதேசத்தில் பீவர் என்ற ஒரே கவுண்டியாகச் சேர்ந்தது. 1907இல் ஓக்லஹோமா மாநிலமானபோது அதைப் பீவர், டெக்சாஸ், சிமரான் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே 'டெக்சாஸ் கவுண்டி' என்று படித்தால் டெக்சாஸ் மாநிலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சிமரானின் கிழக்குப் பக்கத்து அண்டைக் கவுண்டி. கான்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் சிமரான் என்ற பெயரில் ஊர்கள் இருப்பதால் இணையத்தில் தேடும்போது 'ஓக்லஹோமா' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இந்தப் பிரிவினையால் ஒரு சிக்கல் உண்டு. 1907க்கு முந்தைய பத்திரமும் திருமணப் பதிவும் பீவர் கவுண்டிக் கணக்கில் இருக்கும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பீவர் என்றுதான் தேட வேண்டும். சிமரான் என்ற பெயரில் கணக்கு தொடங்குவது 1910இல்தான்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): 1930களின் புழுதிப்புயலில் இந்தக் கவுண்டியே காலியாகிவிட்டது, எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள் என்று படித்தேன். அப்படியா? மண் ஏன் பறந்தது?

பதில்: முதலில் எண்களைப் பாருங்கள். 1910இல் 4,553 பேர். 1920இல் 3,436. 1930இல் 5,408, இதுவரை இதுவே உச்சம். 1940இல் 3,654. 1950இல் மறுபடி 4,589. அதன்பின் இறங்குமுகம்தான்: 1970இல் 4,145, 1990இல் 3,301, 2010இல் 2,475, 2020இல் 2,296.

1930இலிருந்து 1940க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அது பேரிழப்புதான், ஆனால் மீதி மக்கள் புழுதிக்குள்ளேயே இருந்தார்கள். ஈரத்துணியை ஜன்னலில் கட்டிக்கொண்டு, நுரையீரலில் புழுதி படிந்து நிமோனியா வந்தும் ஊரை விடவில்லை. கலிஃபோர்னியாவுக்குப் போன ஓக்லஹோமாக்காரர்களில் பெரும்பகுதியினர் மாநிலத்தின் கிழக்கிலும் தெற்கிலும் பருத்தி பயிரிட்ட குத்தகை விவசாயிகள். புழுதிப்புயல் படத்தையும் கலிஃபோர்னியாப் பயணப் படத்தையும் ஒரே ஊர்க்கதையாக ஒட்டிவைப்பது பரவலான பிழை.

மண் பறந்ததற்கு வறட்சி மட்டும் காரணமில்லை. இங்கே ஆண்டு மழை சராசரி ஏறக்குறைய 17 அங்குலம், அதாவது 430 மில்லிமீட்டர். அதுவும் ஓராண்டு போல் மறு ஆண்டு இராது. இந்த மழைக்கு ஏற்றபடி வளர்ந்தது பஃபலோ புல். குட்டையான புல், ஆனால் அதன் வேர் பாய் பின்னியதுபோல் மண்ணைப் பிடித்திருக்கும். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை புஷலுக்கு 2 டாலரைத் தாண்டியது (ஒரு புஷல் கோதுமை ஏறக்குறைய 27 கிலோ). பின்னால் டிராக்டரும், 1925இல் ரயிலும் வந்தன. 1920களில் மழையும் பரவாயில்லாமல் பெய்தது. புல்தரையைச் சட்டிக் கலப்பையால் உழுது போட்டார்கள். சட்டிக் கலப்பை வேகமாக உழும், ஆனால் மண்கட்டியை மாவாக்கிவிடும், மேலே அறுவடைத் தாளும் மிஞ்சாது. 1931இல் விளைச்சல் கொட்டியது, விலையோ 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. கடனை அடைக்க இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். அடுத்து மழை பொய்த்ததும் விதைத்தது முளைக்கவில்லை. வேரில்லாத மாவு மண் வெறுமனே கிடந்தது, அதன்மேல் சமவெளிக் காற்று அடித்தது.

1935 ஏப்ரல் 14 'கறுப்பு ஞாயிறு'. அன்று பாய்ஸ் சிட்டிக்குச் சில மைல் தொலைவில் புழுதியில் மாட்டிக்கொண்டவர்களில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ராபர்ட் கைகரும் ஒருவர். அடுத்த நாள் அவர் அனுப்பிய செய்தியில்தான் 'டஸ்ட் பவுல்' (புழுதிக் கிண்ணம்) என்ற பெயர் முதலில் அச்சில் வந்தது. 1936இல் ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படம், ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் புழுதிக்காற்றில் குடிசைப் பக்கம் நடக்கும் படம், இந்தக் கவுண்டியில் எடுத்ததுதான். அந்தப் புயல்களில் மூச்சுத்திணறல் தவிர இன்னொரு தொல்லையும் இருந்தது. உலர்ந்த புழுதி உரசி உரசி மின்னூட்டம் ஏறும். கார் இன்ஜின் நடுவழியில் நின்றுவிடும், கைகுலுக்கினால்கூட ஷாக் அடிக்கும். அதற்காகவே காரின் பின்னால் தரையில் இழுபடும்படி ஒரு சங்கிலியைக் கட்டிவைப்பார்கள்.

மண்ணை மறுபடி நிற்கவைத்த வழிகள் இன்றைக்கும் அங்கே நடைமுறையில் உண்டு. காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஆழச்சால் போட்டுக் கட்டிகளை மேலே கொண்டுவருவது, அறுவடைத் தாளை உழாமல் விடுவது, சரிவில் சமமட்டத்தில் உழுவது. ஆழச்சால் எல்லா மண்ணிலும் பலிக்காது. களி கலந்த மண்ணில் கட்டி நிற்கும். மணற்பாங்கான நிலத்தில் இரண்டு காற்றுக்குக் கரைந்து சால் தூர்ந்துவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை அரசே 1930களில் விலைக்கு வாங்கி மறுபடி புல் விதைத்தது. கவுண்டியின் தெற்கில் உள்ள ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி அப்படி வந்ததுதான், டெக்சாஸ் பக்கமும் அது நீள்கிறது.

கேள்வி (நெல்லை வாசகர்): 1950இல் ஏறிய மக்கள்தொகை, பாசனம் வந்த பிறகும் ஏன் குறைந்துகொண்டே போகிறது?

பதில்: பாசனம் விளைச்சலைக் கூட்டியது, வேலைக்கு ஆள் தேவையைக் கூட்டவில்லை. ஒகலாலா என்னும் நிலத்தடி நீரடுக்கிலிருந்து போர் போட்டு எடுக்கிறார்கள். சக்கரங்கள்மேல் நிற்கும் நீண்ட குழாய், நடுவில் ஒரு முளையை மையமாகக் கொண்டு வட்டமாகச் சுற்றித் தெளிக்கும். அரை மைலுக்கு அரை மைல் சதுரமான 160 ஏக்கரில் அந்த வட்டம் ஏறக்குறைய 125 முதல் 130 ஏக்கரை நனைக்கும், நான்கு மூலையும் மானாவாரியாகக் கிடக்கும். விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் பச்சை வட்டங்கள் இவைதான். பல வட்டங்களை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ள முடியும்.

இந்த நீரடுக்கில் மழை ஊறுவது மிகச் சொற்பம், எடுப்பது அதைவிடப் பலமடங்கு. கிணற்றில் வரத்து குறைந்ததும் முதலில் முழு வட்டத்தை அரை வட்டமாக்குவார்கள். பிறகு மக்காச்சோளத்தை விட்டுவிட்டு, தண்ணீர் குறைவாகக் கேட்கும் சோளத்துக்கு மாறுவார்கள். கடைசியில் மானாவாரிக்கே திரும்ப வேண்டியதுதான். மானாவாரி என்றால் கோதுமை, சோளம், பிறகு ஒரு பருவம் தரிசு என்று மூன்றாண்டுச் சுற்று. மூன்றாண்டில் இரண்டு விளைச்சல். தரிசு விடுவது சோம்பலால் அல்ல, அடுத்த பயிருக்கு ஈரம் சேர்த்துவைக்கத்தான். இந்தக் கணக்குக்கு 160 ஏக்கர் பண்ணை கட்டுப்படியாகாது. பக்கத்து நிலத்தை வாங்கியவர் நிலைத்தார், விற்றவர் குடும்பத்தோடு வெளியேறினார். அரசு நிலத்தில் குடியேறுவோருக்கான சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று வைத்தது, கிழக்கே நன்றாக மழை பெய்யும் நிலத்தை மனதில் கொண்டு. அந்த அளவை இங்கே கொண்டுவந்ததுதான் முதல் தவறு. 1920இல் மக்கள்தொகை விழுந்ததையும் இதோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகர்): ஒரு தளத்தில் 2,296, இன்னொன்றில் வேறு எண். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: 2,296 என்பது 2020 முழுக் கணக்கெடுப்பு. நடு ஆண்டுகளில் வருவது மதிப்பீடு. வருமானம், வயது, மொழி பற்றிய எண்கள் ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. இத்தனை சிறிய கவுண்டியில் மாதிரிக்குள் வரும் வீடுகள் மிகக் குறைவு, எனவே பிழை வரம்பு பெரிது. எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பையும் பார்த்து, அது எண்ணின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த எண்ணை நம்பி எதுவும் எழுதாதீர்கள். கென்டன் போன்ற ஊர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். 2010இல் அங்கே 17 பேர். அது கணக்கெடுப்புக்காக எல்லை வரைந்த இடம், நகராட்சி இல்லை. 2020 கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் வெளிப்படாமல் இருக்கச் சிறு இடங்களின் எண்களைக் கொஞ்சம் மாற்றியே வெளியிடுகிறார்கள். கவுண்டி மொத்தத்துக்கு அது பெரிதில்லை, 17 பேர் உள்ள ஊருக்குப் பெரிது.

பரப்பு 1,841 சதுர மைல். சதுர மைலுக்கு ஒன்றேகால் பேர். பாதிக்கு மேல் தலைநகர் பாய்ஸ் சிட்டியில் (2020இல் 1,166). ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹிஸ்பானிக்.

கேள்வி (சேலம் வாசகி): பாய்ஸ் சிட்டி மோசடியில் பிறந்த ஊர் என்றும், அமெரிக்க விமானமே அதன்மேல் குண்டு போட்டது என்றும் கேள்விப்பட்டேன்.

பதில்: இரண்டும் நடந்தவை. 1908இல் ஒரு நிலக் கம்பெனி இந்த இடத்தில் மனை போட்டது. தார்ச்சாலை, நிழல் மரம், ரயில், ஊற்றுநீர்க் கிணறு என்று படம் அச்சிட்டு வெளியூர்களுக்கு அனுப்பி 3,000 மனைகளை விற்றது. வந்து பார்த்தவர்களுக்கு வெறும் புல்வெளியில் முளைக்கம்புகள்தான் கிடைத்தன. பலருக்கு விற்ற மனையே கம்பெனிக்குச் சொந்தமில்லை. நடத்தியவர்கள் தபால் மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டு லெவன்வொர்த் சிறைக்குப் போனார்கள். ஏமாந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கி ஊரை உண்டாக்கினார்கள், அதே ஆண்டில் கென்டனிடமிருந்து தலைநகர் பட்டத்தையும் வாங்கினார்கள். கென்டனில் மலையும் ஆறும் இருந்தாலும் அது மேற்கு ஓரம், பாய்ஸ் சிட்டி கவுண்டியின் நடுப்பகுதி.

குண்டு விழுந்தது 1943 ஜூலை 5, நள்ளிரவு தாண்டி. டெக்சாஸின் டால்ஹார்ட் தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு பி-17 விமானம், நீதிமன்றச் சதுக்கத்தின் விளக்குகளைப் பயிற்சி இலக்கின் விளக்கென்று நினைத்து ஆறு பயிற்சிக் குண்டுகளைப் போட்டது. ஒவ்வொன்றும் 100 பவுண்டு, பெரும்பகுதி மணல், கொஞ்சம் வெடிமருந்து. யாருக்கும் காயமில்லை.

கேள்வி (டாலஸிலிருந்து ஒரு வாசகர்): சிமரான் கவுண்டியில் 160 ஏக்கர் விற்பனைக்கு என்று விளம்பரம் பார்த்தேன். பத்திரத்தில் இட விவரம் புரியவில்லை. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில்: இட விவரம் இப்படி இருக்கும்: 'வடமேற்குக் கால், செக்ஷன் 14, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு, சிமரான் மெரிடியன்'. கைப்பிடிப் பகுதி முழுவதும் கவுண்டியின் தென்மேற்கு மூலையிலிருந்து அளந்தது: டெக்சாஸ் எல்லை அடிக்கோடு, நியூ மெக்சிகோ எல்லை மெரிடியன். அடிக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனையாவது என்பது டவுன்ஷிப் எண், மெரிடியனிலிருந்து கிழக்கே எத்தனையாவது என்பது ரேஞ்ச் எண். டவுன்ஷிப் ஒவ்வொன்றும் 6 மைல் சதுரம், உள்ளே ஒரு மைல் சதுரத்தில் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7இலிருந்து கிழக்கே திரும்பும், ஏர் திரும்புவதுபோலவே.

மேலே சொன்ன நிலத்தை அளந்து பார்ப்போம். டவுன்ஷிப் 4 என்றால் அடிக்கோட்டிலிருந்து 18 மைல் வடக்கே தொடங்குகிறது. ரேஞ்ச் 3 என்றால் 12 மைல் கிழக்கே. செக்ஷன் 14 வடக்கிலிருந்து மூன்றாம் வரிசை, கிழக்கிலிருந்து இரண்டாவது. எனவே நியூ மெக்சிகோ எல்லையிலிருந்து 16 முதல் 16.5 மைல் கிழக்கே, டெக்சாஸ் எல்லையிலிருந்து 21.5 முதல் 22 மைல் வடக்கே உங்கள் 160 ஏக்கர். சர்வே பிழையால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஓக்லஹோமாவின் மற்றப் பகுதிகளை அளந்தது 'இண்டியன் மெரிடியன்' என்ற வேறொரு கோட்டிலிருந்து. பத்திரத்தில் மெரிடியன் பெயர் விடுபட்டாலோ மாறினாலோ அதே எண்கள் 300 மைலுக்கு அப்பால், மாநிலத்தின் தென்மத்தியப் பகுதியில் ஒரு நிலத்தைக் காட்டும். கணினி வரைபடத்தில் தேடும்போதும் இதே தவறு நேரும்.

அடுத்து, கனிம உரிமை. மேல்நிலம் ஒருவருக்கும் அடியிலுள்ள எண்ணெய், வாயு மற்றொருவருக்கும் இருப்பது இங்கே சகஜம். விளம்பரத்தில் 'மேல்நிலம் மட்டும்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பத்திரங்களைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பார்க்க வேண்டும். கோர்ட் கிளார்க் வேறு, அவரிடம் வாரிசு வழக்கும் திருமண உரிமமும் இருக்கும். பெரும்பாலும் சிக்கல் வருவது வாரிசு வழக்கு முடியாமல் கைமாறிய நிலத்தில், ஆகவே இரண்டு அலுவலகத்தையும் பாருங்கள். வரி பாக்கியைக் கவுண்டி டிரெஷரரிடம் கேளுங்கள்.

தண்ணீர்: வீட்டுக்கும் மாட்டுக்கும் தவிர, பாசனத்துக்குப் போர் போட்டால் மாநில நீர்வள வாரியத்தின் அனுமதி வேண்டும். பழைய கிணறு இருக்கிறது என்று சொன்னால் போதாது. இப்போது நிமிடத்துக்கு எத்தனை கேலன் வருகிறது என்று ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, புல் போட்ட நிலம் மலிவாக வந்தால் அது மண்காப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். உழாமல் புல்லாகவே வைத்திருக்க 10 முதல் 15 ஆண்டுக்கு அரசு வாடகை தரும் ஒப்பந்தம் அது. வாங்குபவர் அதைத் தொடர வேண்டும். தொடராவிட்டால் ஒப்பந்தம் முறிந்து, இதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதை யார் கட்டுவது என்று கிரயத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மானாவாரிக் கோதுமைக்கென்று இந்தப் புல்லை உழுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி (டென்வரிலிருந்து ஒரு வாசகி): டாலஸுக்குக் காரில் போகும் வழியில் பிளாக் மேசா ஏறலாமா? நேரக் குழப்பம் ஏதாவது உண்டா?

பதில்: ஏறலாம், அதற்கென்று ஒரு பகல் ஒதுக்குங்கள். 287ஆம் நெடுஞ்சாலை பாய்ஸ் சிட்டி வழியாகத்தான் போகிறது. நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் பல நெடுஞ்சாலைகள் சேர்வதால் பலகையைப் பார்த்துத் திரும்புங்கள். மாநிலச் சாலை 325இல் மேற்கே ஏறக்குறைய 35 மைல் போனால் கென்டன் பக்கம். பெட்ரோலைப் பாய்ஸ் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிளாக் மேசா 4,973 அடி, ஓக்லஹோமாவின் மிக உயர்ந்த இடம். உச்சி தட்டையாக இருப்பதற்குக் காரணம், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஒரு பள்ளத்தாக்கில் ஓடி உறைந்தது. சுற்றியிருந்த மென்பாறை அரித்துப்போக, கெட்டியான குழம்புப்பாறை மட்டும் நின்றது. அன்றைய பள்ளம் இன்றைய மேடு.

நடைபாதை போய்வர 8.4 மைல், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் தண்ணீர் கிடையாது, நிழலும் அநேகமாக இல்லை, கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர் வேண்டும். முதல் பாதி சமதளம் என்பதால் பலரும் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, ஏற்றத்தில் சோர்ந்துபோகிறார்கள். விடிந்ததும் கிளம்புங்கள். கோடை மாலைகளில் இடி வரும், தட்டையான உச்சியில் ஒதுங்க இடமில்லை. பாறை இடுக்கில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, கை வைக்குமுன் பாருங்கள். மேசா காப்பகத்துக்குள் இரவு தங்க அனுமதியில்லை, பிளாக் மேசா மாநிலப் பூங்காவில் கூடாரம் போடலாம்.

சட்டப்படி கவுண்டி முழுவதும் மத்திய நேரம். கென்டன் மட்டும் நடைமுறையில் நியூ மெக்சிகோ, கொலராடோ பக்கத்து மலை நேரத்தை வைத்திருக்கிறது, அதாவது பாய்ஸ் சிட்டியைவிட ஒரு மணி நேரம் பின்னால். செல்போன் எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கென்டனில் தங்க அறையோ வழிகாட்டியோ பதிவு செய்தால் 'எந்த நேரம்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.